பூநாரையும் மாண்டா திருக்கையும்: ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒன்று முழங்கால் அளவு உப்புநீரில், குச்சி போன்ற இரண்டு கால்களில் நிற்கும் 3 கிலோ பறவை. மற்றொன்று தன் வாழ்நாளில் ஒருமுறைகூட எதன்மேலும் நிற்காத, எலும்பே இல்லாத மீன். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் தோன்றுவது வேற்றுமைகள்தான். அவற்றைப் பட்டியல் போட ஆரம்பித்தால் முடிவே வராது. முடிந்தாலும் அதில் படிக்க ஒன்றும் இருக்காது.

அதனால் தொடங்கும் இடத்தை மாற்றிக்கொள்வோம். இரண்டுமே தண்ணீரைச் சலித்துச் சாப்பிடும் உயிர்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறிய இரையை, மிகப்பெரிய அளவு நீரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்பதே இரண்டின் பிழைப்பு. ஒரே சிக்கலை இரண்டு வேறு உடல்கள் எப்படித் தீர்த்தன என்று கேட்டால் ஒப்பீடு தானாக நடக்கும். பள்ளித் திட்டப்பணி, இயற்கைக் கட்டுரை, களக்குறிப்பு என எதற்காகச் செய்தாலும் கீழே உள்ள வரிசை உதவும்.

படி 1: எந்த இனம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"பிளமிங்கோ" என்று மட்டும் எழுதினால் போதாது. உலகில் பூநாரை இனங்கள் 6. அவற்றில் பெரிய பூநாரையும் சிறிய பூநாரையும் அலகின் அமைப்பிலேயே வேறுபடுகின்றன. உண்பதும் வேறு வேறு. இந்த வழிகாட்டியில் பெரிய பூநாரையை முதன்மையாக எடுத்துக்கொள்வோம். பெயரில் நாரை இருந்தாலும் இது நாரைக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. மரபணு ஆய்வுகள் காட்டும் மிக நெருங்கிய உறவு, குட்டைக் காலும் முங்கும் பழக்கமும் கொண்ட முக்குளிப்பான். இரண்டையும் நேரில் பார்த்தவர்கள் நம்பத் தயங்குவார்கள், ஆனால் உண்மை அதுதான்.

திருக்கைப் பக்கம் குழப்பம் இன்னும் அதிகம். கொம்புத் திருக்கை வகைகளிலேயே பெரியவை மாண்டாக்கள். 2009 வரை மாண்டா என்பது ஒரே இனம் என்றுதான் கருதப்பட்டது. அந்த ஆண்டில் பவளத்திட்டு மாண்டா, பெருங்கடல் மாண்டா என இரண்டாகப் பிரித்தார்கள். 2025-ல் அட்லாண்டிக் பகுதியிலிருந்து மூன்றாவது இனமும் முறையாக விவரிக்கப்பட்டது. ஆகவே 2009-க்கு முந்தைய எந்த அளவை எடுத்தாலும் அது எந்த இனத்துக்குரியது என்று சொல்ல முடியாது. "மாண்டாவின் அகலம் 7 மீட்டர்" என்ற வரி எங்கும் கிடைக்கும். அது பெருங்கடல் மாண்டாவின் உச்ச அளவு. பவளத்திட்டு மாண்டாவுக்கு அதைப் பொருத்தினால் முதல் வரியிலேயே பிழை.

படத்தைப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது முதுகு: பெருங்கடல் மாண்டாவின் தோள்பட்டை வெள்ளைத் திட்டுகளின் முன்விளிம்பு வாய்க்கு இணையாக நேர்கோட்டில் வரும், நடுவில் கறுப்பு "டி" எழுத்து போலத் தெரியும். பவளத்திட்டு மாண்டாவில் அந்த விளிம்பு சாய்ந்து மங்கி, கறுப்பு "ஒய்" போல இருக்கும். இரண்டாவது வாய்: முன்னதில் வாயைச் சுற்றி கருமை, பின்னதில் வெளிர் நிறம். மூன்றாவது வயிறு: செவுள் பிளவுகளுக்கு நடுவே புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் பவளத்திட்டு மாண்டா. ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள். உடல் முழுக்கக் கறுத்த மாண்டாக்கள் உண்டு. அவற்றில் தோள் திட்டே தெரியாது. இங்கே நாம் எடுத்துக்கொள்வது பவளத்திட்டு மாண்டா.

படி 2: ஒரே மாதிரி அளவை எடுங்கள்

பூநாரைக்குப் புத்தகங்கள் தருவது உயரம்: 110 முதல் 150 செ.மீ. மாண்டாவுக்குத் தருவது உடல்தட்டின் அகலம்: வழக்கமாக 3 முதல் 4 மீட்டர். உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டு "மூன்று மடங்கு பெரியது" என்று எழுதுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பூநாரையின் உயரத்தில் பெரும்பகுதி காலும் கழுத்தும். சரியான இணை, விரித்த சிறகின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரையிலான அளவு: 140 முதல் 165 செ.மீ. இதையும் மாண்டாவின் அகலத்தையும் சேர்த்து வைக்கலாம்.

எடையை ஒப்பிடும்போது ஒரு வரி விளக்கம் அவசியம். பூநாரை 2 முதல் 4 கிலோ. பெருங்கடல் மாண்டா ஒரு டன்னைத் தாண்டும். காற்றில் பறக்கும் உடல் தன் எடை முழுவதையும் சிறகால் தாங்க வேண்டும். கடல்நீரோ மாண்டாவின் எடையில் பெரும்பகுதியைத் தானே தாங்கிவிடுகிறது. அதனால் எடையை வைத்து "எது வலிமையானது" என்று பேசுவதில் பொருள் இல்லை.

படி 3: சல்லடையைப் பாருங்கள்

ஒப்பீட்டின் இதயம் இது. இதற்குக் கட்டுரையில் பாதி இடம் கொடுத்தாலும் தகும்.

பூநாரை இரை தேடுவதை உற்றுப் பாருங்கள். கழுத்து நேரே கீழே இறங்குகிறது. தலை தலைகீழாக நீருக்குள் போகிறது. அலகின் நுனி தன் கால்களை நோக்கித் திரும்புகிறது. இப்போது மேல் அலகு அடியில், கீழ் அலகு மேலே. மற்ற பறவைகளில் கீழ் அலகு சிறிது, மேல் அலகு பெரிது. இங்கே கீழ் அலகுதான் ஆழமான தொட்டி போல இருக்கும். மேல் அலகு அதன்மேல் பொருந்தும் மூடி. அந்த மூடியும் அசையும். அலகு பாதியில் மடங்கியிருப்பதற்கும் காரணம் உண்டு. நேரான அலகைத் திறந்தால் நுனியில் அகன்ற இடைவெளியும் அடியில் குறுகிய இடைவெளியும் வரும். வளைந்த அலகைச் சற்றே திறந்தால் நீளம் முழுக்க ஏறக்குறைய ஒரே இடைவெளி கிடைக்கும். சல்லடைக்குத் தேவையானது அதுதானே!

உள்ளே ஒரு தடித்த நாக்கு, பின்னோக்கிய முட்களோடு. இது பம்பின் உலக்கை போல முன்னும் பின்னும் போகிறது. பின்னே இழுக்கும்போது நீர் உள்ளே வருகிறது, முன்னே தள்ளும்போது அலகோர மென்தகடுகள் வழியாக வெளியேறுகிறது, இரை தங்குகிறது. பெரிய பூநாரையின் நாக்கு விநாடிக்கு நாலைந்து தடவை இயங்கும். சிறிய பூநாரையில் இது 20 தடவை வரை போகும். பெரியது உப்புநீர் இறால், பூச்சிப் புழுக்கள், சிறு நத்தைகள், விதைகளை எடுக்கிறது. சிறியதன் தகடுகள் மிக நெருக்கமானவை. அது ஸ்பைருலினா போன்ற நீலப்பச்சைப் பாசியையே சலித்துவிடும். ஒரே ஏரியில் இரண்டும் சண்டையின்றி மேய்வதற்கு இந்தக் கண்ணி அளவு வித்தியாசமே முதல் காரணம்.

பூநாரை வெறுமனே நீரை இழுத்துச் சலிக்கிறது என்று நினைத்தது போதாது என 2025-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. சிலிப் பூநாரை என்ற இனத்தைச் சேர்ந்த பறவைகளைப் படம்பிடித்துப் பார்த்தபோது, அவை தலையைச் சட்டென மேலே இழுத்து நீருக்குள் சிறு சுழலை உண்டாக்குவதும், பாதங்களால் சேற்றைக் கிளறிச் சுழல் எழுப்புவதும், அலகை வேகமாகத் தட்டி இரையை உள்ளே இழுப்பதும் தெரிந்தன. தப்பி ஓடும் இரையைக்கூட இது சுழலில் சிக்கவைக்கிறது. நீர் கலங்கலாக இருக்கும்போது பூநாரை ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றி மிதிப்பதைப் பார்த்தால், அது சும்மா ஆடவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி மாண்டா. இதற்குப் பம்பு கிடையாது. வாயைத் திறந்துகொண்டு நீந்துவதே வேலை. நீந்தும் வேகமே நீரை உள்ளே தள்ளுகிறது. தலையின் இரு பக்கமும் சுருட்டி வைத்திருக்கும் "கொம்புகள்" உண்மையில் தலைத் துடுப்புகள். இரை கிடைத்ததும் அவை விரிந்து புனல் போல நீரை வாய்க்கு வழிநடத்தும். நீர் உள்ளே போய், செவுள் தட்டுகளைக் கடந்து, அடிப்பக்கத்து 5 இணைச் செவுள் பிளவுகள் வழியாக வெளியேறும்.

இங்கேதான் பூநாரையோடு பெரிய வேறுபாடு. சாதாரண சல்லடையில் துளையைவிடப் பெரியது தங்கும்; சிறியது போய்விடும்; கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொள்ளும். மாண்டாவின் செவுள் தட்டில் அடைப்பும் இல்லை, துளையைவிடச் சிறிய துகள்கூடத் தப்புவதில்லை. 2018-ல் வெளியான ஆய்வு அதன் சூட்சுமத்தைக் காட்டியது: நீர் தட்டின்மேல் நேராக மோதாமல் உரசிக்கொண்டு ஓடுகிறது. வரிசையாக உள்ள மடல்களின் பின்னால் சிறு சுழல்கள் உருவாகின்றன. நீர் வளைந்து இடுக்கில் இறங்கிவிடும். துகள் அப்படி வளைய முடியாமல் மடலில் பட்டுத் துள்ளி மறுபடி மேலோட்டத்துக்கே திரும்பும். இப்படியே துள்ளித் துள்ளி இரை தொண்டைப் பக்கம் சேர்ந்து செறிவாகிவிடும்.

இதன் முதல் பாதியை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு வடிகட்டி, பருமணல் ஒரு கரண்டி, ஒரு குவளை நீர் போதும். மணலை நீரில் கலக்கி, வடிகட்டியைக் கிடையாகப் பிடித்து நேர் மேலிருந்து ஊற்றுங்கள்: மணல் கண்ணியில் படிந்து, ஓட்டம் வரவரக் குறையும். பிறகு தட்டையான கம்பிவலைத் துண்டு ஒன்றை நன்றாகச் சாய்த்துப் பிடித்து, வலையின்மேல் உரசி ஓடும்படி ஊற்றுங்கள்: நீர் கீழே இறங்கும், மணலில் பெரும்பகுதி வலைமேல் உருண்டு ஓரத்துக்கு வரும். சாய்வு போதாவிட்டால் மணல் தேங்கும். மிக மெதுவாக ஊற்றினாலும் தேங்கும். மாண்டா ஏன் நிற்காமல் நீந்துகிறது என்பதற்கு ஒரு பாதி விடை இதில் இருக்கிறது. மறுபாதி மூச்சு: செவுளில் நீர் ஓட வேண்டுமானால் அது நகர்ந்தே ஆக வேண்டும். கண்ணியைவிடச் சிறிய துகளைத் துள்ளவைக்கும் வித்தையை மட்டும் இந்தச் சோதனையில் காட்ட முடியாது. அதற்கு அந்த மடல்களின் வடிவமே வேண்டும்.

சலிப்பதற்குச் செலவும் உண்டு. வாயைத் திறந்து நீந்தினால் நீரின் எதிர்ப்பு கூடும். ஆஸ்திரேலியாவின் லேடி எலியட் தீவில் நடந்த ஆய்வில், ஒரு கன மீட்டர் நீரில் விலங்கு மிதவைகள் (நீரில் மிதந்து திரியும் நுண்ணிய விலங்குகள்) சுமார் 11 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் மாண்டாக்கள் வாயைத் திறக்கின்றன என்று தெரிந்தது. அதற்குக் கீழே இருந்தால் கொம்பைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். பூநாரைக்கும் இதே கணக்கு வேறு வடிவில் உண்டு: ஏரியில் இரை குறைந்தால் கூட்டமாக இடம் மாறும். இரை மிகுந்த இடத்தில் மாண்டா செங்குத்தாகக் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே சாப்பிடும். பல மாண்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்து வட்டமிட்டு, நீரையே சுழல வைப்பதும் மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் பலமுறை பதிவாகியிருக்கிறது. சுழலை உண்டாக்கி இரையைத் திரட்டுவதில் இருவரும் சந்தித்துக்கொள்கிறார்கள்.

படி 4: சிறகை அவசரப்பட்டு ஒப்பிடாதீர்கள்

"இரண்டும் பறக்கின்றன" என்ற வரி எல்லோருக்கும் பிடிக்கும். எழுதுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூநாரையின் சிறகு ஒரு கை: மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், குறைந்துபோன விரல்கள், அதன்மேல் இறகு. மாண்டாவின் "சிறகு" தலையோடு ஒட்டிப்போன நெஞ்சுத் துடுப்பு: அடியில் குருத்தெலும்புத் தாங்கிகள், அவற்றிலிருந்து விசிறி போலப் பிரியும் நூற்றுக்கணக்கான குருத்தெலும்புக் கதிர்கள். இரண்டின் பொது முன்னோர் வாழ்ந்தது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன். அந்த முன்னோருக்கு நெஞ்சுத் துடுப்பு இருந்திருக்கலாம், சிறகு இல்லை. மேலும் கீழும் அடித்து முன்னேறும் அசைவு, தனித்தனியே வந்து சேர்ந்த ஒற்றுமை.

காலைப் பற்றியும் ஒரு சொல். பூநாரையின் கால் நடுவில் பின்னோக்கி மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்பது அதற்குச் சிரமமும் இல்லை. 2017-ல் வந்த ஆய்வில், இறந்த பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக் காலில் அசையாமல் நிறுத்த முடிந்தது. இரண்டு காலில் முடியவில்லை. மாண்டாவில் இதற்கு இணை தேடாதீர்கள். இணை இல்லாத உறுப்பை "இணை இல்லை" என்று எழுதினாலே போதும்.

படி 5: உப்பும் குளிரும்

பூநாரை மேய்வது பெரும்பாலும் உப்புநீரில். மிகுதி உப்பைத் தலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் பிரித்து மூக்குத்துளை வழியாக வெளியேற்றுகின்றன. மாண்டா வேறு வழி வைத்திருக்கிறது: இரத்தத்தில் யூரியாவைத் தேக்கிவைத்து, உடல்நீரில் கரைந்துள்ள பொருள்களின் செறிவைக் கடல்நீருக்கு ஏறக்குறைய சமமாக்கிக்கொள்கிறது. அதனால் உடலிலிருந்து நீர் வெளியே இழுபடுவதில்லை. மிச்சமிருக்கும் உப்பை மலக்குடல் சுரப்பி வெளியேற்றும்.

குளிரில் இரண்டும் ஒரே உத்தி. பூநாரையின் காலில் இறங்கும் சூடான இரத்தக் குழாயும் திரும்பி வரும் குளிர்ந்த குழாயும் ஒட்டி ஓடுகின்றன. வெப்பம் காலில் வீணாகாமல் உடலுக்கே திரும்புகிறது. மாண்டாவின் மூளையைச் சுற்றி இதே தத்துவத்தில் நுண்குழாய் வலைப்பின்னல் இருக்கிறது. பவளத்திட்டு மாண்டா 672 மீட்டர் ஆழம் வரை முங்கியது நியூ கலிடோனியாவில் பதிவாகியிருக்கிறது. அந்தக் குளிரில் மூளை மந்தமாகாமல் இருக்க இது உதவும். கால் வேறு, மூளை வேறு. குழாய் அமைப்பின் கணக்கு ஒன்று.

படி 6: இரண்டு "பால்"கள்

பலர் தவறவிடும் ஒற்றுமை இது. இரண்டுமே வழக்கமாக ஒரே ஒரு குஞ்சுதான் பெறும். இரண்டுமே அதற்குப் பால் போன்ற ஒன்றைச் சுரந்து ஊட்டும்.

பூநாரை சேற்றைக் குவித்து, உச்சியில் குழியிட்டு ஒரு முட்டை வைக்கும். 27 முதல் 31 நாள் அடைகாக்கும். பொரிக்கும் குஞ்சு சாம்பல் நிறம். அலகு நேராக இருக்கும். நேரான அலகால் சலிக்க முடியாது. வளைவு முழுமையாக வர இரண்டு மாதத்துக்கு மேலாகும். அதுவரை தாயும் தந்தையும் தீனிப்பையில் சுரக்கும் செந்நிறப் பாலை ஊட்டுகிறார்கள். அதில் நிறமியும் போவதால் ஊட்டும் பெற்றோரின் இறகு நிறம் வெளிறுவதுண்டு.

மாண்டாவில் பால் பிறப்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது. தொப்புள்கொடி கிடையாது. கருப்பையின் உட்சுவரிலுள்ள விரல் போன்ற நீட்சிகள் சத்துநீரைச் சுரக்க, குட்டி சிறகைச் சுருட்டிக்கொண்டு அதைக் குடித்து வளர்கிறது. சுமார் 12 முதல் 13 மாதம் கழித்துச் சற்றேறக்குறைய 1.4 மீட்டர் அகலத்தில் பிறக்கும். அந்த நொடியிலிருந்து தானே சலித்துச் சாப்பிட வேண்டியதுதான். தாய் திரும்பிப் பார்க்காது. அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். செவுள் தட்டுக்காக மாண்டாவைப் பிடிக்கும்போது எண்ணிக்கை மீளாததற்கு இதுவே காரணம். பெருங்கடல் மாண்டாவின் நிலை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 2020-ல் ஒரு படி மோசமாக்கப்பட்டது.

"பால்" என்ற சொல்லை எழுதும்போது ஒரு குறிப்பு சேர்க்கவும்: இரண்டும் பாலூட்டிகளின் பால் அல்ல, சுரக்கும் திசுவும் வேறு வேறு.

படி 7: இளஞ்சிவப்பு என்ற பொறி

பூநாரையின் நிறம் உணவிலிருந்து வருகிறது: பாசியிலும் உப்புநீர் இறாலிலும் உள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகள் ஈரலில் மாற்றமடைந்து இறகில் சேர்கின்றன. இப்போது லேடி எலியட் தீவுக்குத் திரும்புவோம். அங்கே 2015-ல் முதன்முதலாக இளஞ்சிவப்பு வயிறு கொண்ட ஒரு ஆண் மாண்டா படம்பிடிக்கப்பட்டது. மிதவை இறால்களைத் தின்கிறது, இளஞ்சிவப்பாக இருக்கிறது; பூநாரைக் கதையே இங்கும் என்று முடிவுகட்ட யாருக்கும் கை துறுதுறுக்கும். தோல் மாதிரியை எடுத்துப் பார்த்தபோது உணவும் தொற்றும் காரணமல்ல என்று தெரிந்தது. மரபணுப் பிறழ்வாக இருக்கும் என்பதே இப்போதைய கருத்து. அதே இரையைத் தின்னும் மற்ற மாண்டாக்கள் வெள்ளை வயிற்றோடு பக்கத்திலேயே நீந்துகின்றனவே, அதைக் கவனித்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

படி 8: நேரில் பார்ப்பது

பூநாரைக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் பாதியில் நகர்ந்துவிடும். முதலில் 50 பறவைகளை எண்ணி அவை அடைக்கும் இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவுகளாகக் கூட்டத்தைப் பகுத்து எண்ணுங்கள். இருமுறை எண்ணிச் சராசரி எடுங்கள். சாம்பல் நிறக் குஞ்சுகளைத் தனிக் கணக்கில் போடுங்கள். கழுத்துகள் ஒருசேர நிமிர்ந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று பின்வாங்குங்கள். கூடு கட்டும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

மாண்டாவில் ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் காணலாம், ஏனெனில் வயிற்றுப் புள்ளிகள் கைரேகை போல, வாழ்நாள் முழுக்க மாறாதவை. செவுள் பிளவுகளும் அவற்றுக்குக் கீழுள்ள வயிறும் ஒரே படத்தில் வர வேண்டும். இடுப்புத் துடுப்பும் படத்தில் இருந்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரியும்: ஆணுக்கு அங்கே இரண்டு புணர்உறுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். குறைந்தது 3 மீட்டர் விலகி, அசையாமல் இருங்கள். துரத்தினால் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடும், படமும் கிடைக்காது. தொடவே கூடாது, தோலின் மேலுள்ள பாதுகாப்புப் பசை கலையும். கொட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம், இதற்கு நச்சு முள் இல்லை.

படி 9: ஒரே அளவுகோலில் வரையுங்கள்

எழுதி முடித்ததும் இரண்டையும் 1:20 அளவில் ஒரே தாளில் வரையுங்கள். 130 செ.மீ. உயரப் பூநாரை 6.5 செ.மீ. வரும், 150 செ.மீ. சிறகு விரிப்பு 7.5 செ.மீ. ; 3.5 மீட்டர் மாண்டா 17.5 செ.மீ. அகலம். மாண்டாவின் நீளம் அகலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு, வாலை இதில் சேர்க்காதீர்கள். ஓரத்தில் புதிதாகப் பிறந்த மாண்டாக் குட்டியையும் சேருங்கள்: 7 செ.மீ. சிறகு விரித்த முழு வளர்ச்சிப் பூநாரையும் அன்றைக்குப் பிறந்த மாண்டாவும் தாளில் ஏறக்குறைய ஒரே அகலத்தில் நிற்கும்.